கதவுப் பிடியில் இருந்த கை

ரெய்க்யாவிக்கில் ஒரு விடுதி அரங்கம்.
எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
'நிர்வாகிகளுக்கு ஐந்து பாடங்கள்' என்று
திரையில் என் பெயருக்கு மேலே போட்டிருக்கிறது.
எழுதியது நானில்லை.
என்னிடம் ஐந்து இல்லை.
ஒன்று இருக்கிறது. அதுவும்
நாற்பத்தொரு டன் மீன் கொடுத்து வாங்கியது.

மேற்கு ஃபியோர்டில் எங்கள் ஆலை.
நவம்பர் கடைசியில் சூரியனை எடுத்துக்கொள்ளும் மலை
ஜனவரி முடியும்வரை திருப்பித் தராது.
அந்த இருட்டில்தான்
மூன்றாம் குளிரறை பொய் சொல்லத் தொடங்கியது.
வெளியே திரையில் மைனஸ் இருபத்து நான்கு.
உள்ளே, பெட்டிகளின் நடு அடுக்கில்,
மைனஸ் ஒன்பது.

பாஸ்டனில் முதல் பெட்டியை உடைத்துப் பார்த்தவர்
ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பினார்.
படித்து முடித்தபோது என் காபி
இன்னும் சூடாகத்தான் இருந்தது. குடிக்கவில்லை.

முதலில் ஆளைத் தேடினேன்.
அது எங்கள் வர்க்கத்துக்குக் கைவந்த கலை.
கருவி விற்றவர்கள், பராமரிப்பு பார்க்கும் ஹ்யால்டி,
இரவுப்பணிக்காரர்கள், லாரிக்காரர்கள்
எல்லோரையும் ஒரு தாளில் எழுதினேன்.
தாள் நிறைந்துவிட்டது.
என் பெயருக்கு இடமில்லை.

போகுமிலா வந்தாள்.
பதினொரு வருடமாகப் பெட்டி அடுக்குகிறவள்.
"மூன்று வாரமாகத் தெரியும்" என்றாள்.
"நன்றாக உறைந்த பெட்டி
ஈரக் கையுறையைப் பிடித்துக்கொள்ளும்.
இவை பிடிக்கவில்லை."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
கேட்டேன் என்ன, கத்தினேன்.

அவள் சொற்களைத் தேடித் தேடி,
எங்கள் மொழியில் தன் நாட்டு உச்சரிப்போடு சொன்னாள்:
"தினமும் காலையில் வருவீர்கள்.
எல்லாம் சரியா என்பீர்கள்.
அப்போது உங்கள் கை
கதவுப் பிடியில் இருக்கும்."

கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கோபன்ஹேகனில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தவள் நான்.
'தொழிலாளர்களிடையே நடமாடு' என்று
குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.
ஒன்பது வருடம் நடமாடியிருக்கிறேன்.
நின்றதில்லை.
ஒப்புக்குக் கேட்ட கேள்விக்கு
ஒப்புக்குப் பதில் வாங்கி
அதை அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

இயக்குநர் குழுவில் அர்ங்ரீமுர் கேட்டார், யார் பொறுப்பு என்று.
அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருந்தது.
"நான்" என்றேன்.
தியாகமெல்லாம் இல்லை. கணக்கு.
வேறொரு பெயரைச் சொல்லியிருந்தால்
அடுத்த குளிரறை பொய் சொல்லும்போது
ஆலை மொத்தமும் வாயை மூடிக்கொண்டிருக்கும்.
அந்த ஆண்டு என் ஊக்கத்தொகை போனது.
வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு ஓய்வறையில் போய் உட்கார்ந்தேன்,
கைப்பேசி இல்லாமல், மேலங்கியைக் கழற்றிவிட்டு.
முதல் வாரம் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.
இரண்டாம் வாரம் ஒருவன் சொன்னான்,
காபி இயந்திரம் ஒழுகுகிறது என்று.
இதற்கா வந்தேன் என்றிருந்தது.
அன்றே மாற்றினேன்.
அடுத்து, கத்திகள் மழுங்கல் என்றார்கள்.
ஐந்தாம் வாரம் ஹ்யால்டி, என் முகத்தைப் பார்க்காமல்:
"இரண்டாம் பம்பு கன்று ஈனும் மாடு மாதிரி முனகுது."
திறந்து பார்த்தோம்.
இன்னும் நான்கு நாள் தாங்கியிருக்காது.

போகுமிலா இன்றும் என்னோடு அதிகம் பேசுவதில்லை.
எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைக்காதீர்கள்.

பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது.
ஏற்பாட்டாளர் ஒரு கண்ணை மதிய உணவின் மேல் வைத்தபடி
"கேள்விகள் உண்டா?" என்கிறார்.
யாரும் அசையவில்லை.
நான் மேடைப் படியில் உட்கார்ந்தேன்.
இரண்டு பேர் கைக்கடிகாரம் பார்த்தார்கள்.
கடைசி வரிசையில் ஒரு வங்கிக்காரர் மெல்லக் கை தூக்கி,
"அந்த மீனை என்ன செய்தீர்கள்?" என்றார்.

காபி இயந்திரம், என்று நினைத்துக்கொண்டேன்.
விலங்குத் தீவனத்துக்குப் போன கதையை
விலையோடு, லாரி எண்ணிக்கையோடு
முழுவதும் சொல்ல ஆரம்பித்தேன்.